சூரத்துச் செய்தி தமிழுக்கு வந்த வகை
காங்கிரஸ் மாநாடுகளும் சென்னைத் தமிழ் இதழ்களும், 1885–1908

1907ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், சூரத் நகரில் கூடியிருந்த காங்கிரஸ் மகாசபையின் மேடையை நோக்கி ஒரு செருப்பு பறந்து வந்தது. சிவப்புத் தோலால் ஆனது, நுனி வளைந்தது, அடியில் ஈயம் பதித்தது, மராட்டியர் அணியும் வகையைச் சேர்ந்தது. அது சுரேந்திரநாத் பானர்ஜியின் கன்னத்தில் பட்டு, அருகிலிருந்த பெரோஸ்ஷா மேத்தாவின் மேல் தெறித்து விழுந்தது. இவ்வளவு நுட்பமாக நாம் இதனை அறிவதற்குக் காரணம், ‘மான்செஸ்டர் கார்டியன்’ நாளிதழின் சிறப்புச் செய்தியாளராகிய ஹென்றி நெவின்சன் என்னும் ஆங்கிலேயர் அப்பந்தலில் அமர்ந்திருந்தமையே. அவருடைய வருணனை மறு ஆண்டே லண்டனில் நூலாக வெளிவந்தது. வரலாற்று ஆசிரியர் பலரும் இன்றளவும் அச்செருப்பை நெவின்சனிடமிருந்தே பெற்றுக்கொள்கின்றனர்.

ஆங்கிலம் கற்றவருக்கு நெவின்சன் இருந்தார். சென்னையின் ஆங்கில நாளிதழ்களும் இருந்தன. ஆங்கிலம் அறியாத ஒரு திருநெல்வேலி வணிகருக்கோ தஞ்சாவூர் மிராசுதாருக்கோ அந்நிகழ்ச்சி எவ்வாறு போய்ச் சேர்ந்தது? எந்தச் சொற்களில், யார் வாயிலாக, எந்தச் சார்போடு? இவ்வினாவே இவ்வுரைக்குப் பொருள். ஒரு தேசிய மாநாட்டை உள்ளூர் இதழ் எடுத்துரைப்பது இன்று அன்றாடத் தொழில். ஆனால் அன்று அதற்கென ஒரு மொழியே உருவாக வேண்டியிருந்தது. அம்மொழி யார் கையில் உருவாயிற்றோ அவர் பக்கமே தமிழரின் நினைவும் சாய்ந்தது என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது.

செய்தியாளரே பிரதிநிதி

காங்கிரசின் முதல் மாநாடு 1885ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பம்பாயில், கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் கூடியது. புனாவில் கூடுவதாக இருந்தது. வாந்திபேதி பரவியதால் இடம் மாறிற்று. வந்திருந்த பிரதிநிதிகள் 72 பேர். அவர்களுள் எழுந்து முதல் தீர்மானத்தை முன்வைத்தவர் சென்னையைச் சேர்ந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய ஆட்சிமுறையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்க வேண்டும் என்பது அத்தீர்மானம்.

இவர் யார்? 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டு ‘இந்து’ வார இதழைத் தொடங்கிய அறுவருள் ஒருவர்; அதன் ஆசிரியர். 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கியவரும் அவரே. ஆகவே காங்கிரஸ் தோன்றிய நாளிலேயே, செய்தி எழுத வேண்டியவர் செய்தியாகவும் இருந்தார். பின்னாளில் சூரத்தில் நாம் காணப்போகும் நிலைக்கு இதுவே முன்மாதிரி. செய்தியாளன் மேடைக்குக் கீழே, ஒருபுறமாக, பற்றின்றி அமர்ந்து குறிப்பெடுப்பவன் என்னும் இலக்கணம் நம் பத்திரிகைகளின் பிறப்பில் இல்லை. அது நல்லதா தீயதா என்று இங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டியதில்லை.

சுப்பிரமணிய ஐயர் ஒரே அலுவலை இரு மொழிகளில் செய்தார் எனினும் இரண்டும் ஒரே வேலையாக இருக்கவில்லை. ‘இந்து’வில் காங்கிரஸ் தீர்மானத்தை அப்படியே அச்சிட்டால் போதும், அதன் சொற்களை வாசகர் கல்லூரியிலோ நீதிமன்றத்திலோ முன்னரே அறிந்திருந்தனர். ‘சுதேசமித்திர’னில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன் ஒருகணம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு வந்த காங்கிரஸ்

1887ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் முதன்முறையாகச் சென்னையில் கூடியது. ஆயிரம் விளக்கை அடுத்து இன்றும் மக்கீஸ் கார்டன் என வழங்கும் இடத்தில் பந்தல் எழுந்தது. பத்ருதீன் தயாப்ஜி தலைமை ஏற்றார். வரவேற்புக் குழுவின் தலைவர் சர் டி. மாதவ ராவ். பிரதிநிதிகள் 607 பேர். ஆளுநர் கன்னிமரா பிரபு அவர்களைத் தம் மாளிகைக்கு அழைத்து விருந்தோம்பினார். இருபது ஆண்டுக்குள் இதே சபையின் பந்தலுக்குள் காவலர் புகுந்து கூட்டத்தைக் கலைக்கப்போகின்றனர் என்பதை நினைத்தால் அவ்விருந்தோம்பல் வேறோர் உலகத்துச் செய்தி போலத் தோன்றும்.

நம் நோக்கில் அம்மாநாட்டின் சிறப்பு விருந்து அன்று. சிறு சிறு தொகையாக, அணாக் கணக்கில்கூட, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. அதற்கு முன்னோடியாகத் தமிழில் ஒரு சிறுநூல் பரப்பப்பட்டது. ‘இந்து’வின் பங்காளராகிய மு. வீரராகவாச்சாரியார் அதனை வினாவிடை வடிவில் எழுதியிருந்தார். காங்கிரஸ் என்றால் என்ன, அது எதற்கு, சட்டசபை என்றால் என்ன, அதில் நமக்கு இடம் உண்டா என்ற முறையில் அரசியலை எளிமையாகச் சொல்லும் முயற்சி அது. இவ்வடிவம் தற்செயலானது அன்று. பாதிரிமார் பள்ளிகளில் கிறித்தவ ஞானோபதேசமும், அதற்கு எதிர்நின்ற ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையும் தமிழ் வாசகரை இவ்வடிவுக்குப் பழக்கியிருந்தன. சமயம் கற்பித்த வடிவத்தில் அரசியல் நுழைந்தது. அச்சிறுநூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அவ்வாண்டு மாநாட்டு அறிக்கையோடு இணைக்கப்பட்டபோதுதான் அரசு அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். வடமேற்கு மாகாணத் துணை ஆளுநர் ஆக்லாந்து கால்வின், 1888இல் ஹியூமுக்கு எழுதிய நெடுங்கடிதத்தில் இவ்வகைச் சிறுநூல்களையும் கண்டித்தார். ஆங்கிலத்தில் நான்கு சுவருக்குள் தீர்மானம் நிறைவேற்றுவது வேறு. அதையே தாய்மொழியில் கடைத்தெருவில் விளக்குவது வேறு என்பதை அதிகாரிகள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அம்மாநாட்டில் தஞ்சையைச் சேர்ந்த மூக்கணாசாரி என்னும் கைவினைஞர் எழுந்து தமிழில் பேசினார். பம்பாயிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்க்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. காங்கிரஸ் கூடிய ஊரின் மொழி காங்கிரஸ் மேடையில் ஒலித்த அரிய தருணம் அது. அதன் பிறகும் 1894, 1898, 1903 ஆகிய ஆண்டுகளில் காங்கிரஸ் சென்னைக்கு வந்தது; மேடையின் மொழி ஆங்கிலமாகவே நீடித்தது. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு முழுவதும் இதழ்களின் மேல் விழுந்தது.

அதே 1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள்தான் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார் என்பதை இவ்வவையில் குறிப்பிடாமல் போவது முறையன்று. ஆங்கிலத்தில் நடந்த ஆட்சியைத் தமிழில் சொல்ல வேண்டிய அதே சுமை அதற்கும் இருந்தது. சொல்லாக்கப் பட்டறை சென்னையில் மட்டும் இருக்கவில்லை.

அக்கிராசனமும் ஆமோதிப்பும்

அப்பட்டறையில் உருவான சொற்களைச் சற்று நோக்குவோம். காங்கிரசை மொழிபெயர்க்க முயன்று, முடியாமல், ‘காங்கிரஸ் மகாசபை’ என்று பெயரையும் விளக்கத்தையும் ஒருங்கே வைத்துக்கொண்டனர். ‘டெலிகேட்’ பிரதிநிதி ஆனார். ‘ரெசல்யூஷன்’ தீர்மானம் ஆயிற்று. தலைமை தாங்குபவர் அக்கிராசனாதிபதி. அவர் அமர்வது அக்கிராசனம். ஒருவர் பிரேரேபித்தார், மற்றவர் ஆமோதித்தார். தீர்மான வாசகங்களை முன்கூட்டி வகுக்கும் குழுவுக்கு விஷயாலோசனைக் கமிட்டி என்று பெயர். பாதி வடமொழி, பாதி ஆங்கிலம். தமிழ் இவற்றை ஒட்டும் பசையாக நின்றது. இன்று நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் ‘முன்மொழிகிறேன்’ என்கிறார், மற்றொருவர் ‘வழிமொழிகிறேன்’ என்கிறார். அச்சொற்கள் பின்வந்த தமிழியக்கத்தின் கொடை. ஆனால் அவை நிரப்பிய இடத்தை முதலில் தோண்டி வைத்தவர்கள் அக்கிராசனக் காலத்தவரே.

இது எளிய வேலையாக இருக்கவில்லை என்பதற்குப் பாரதியே சாட்சி. பிற்காலக் கட்டுரை ஒன்றில் அவர் ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலைகிறார். அவயவி என்று வைத்துப் பார்க்கிறார். அங்கத்தான் என்று பார்க்கிறார். சபிகன், உறுப்பாளி என்றும் எண்ணுகிறார். எதுவும் மனத்துக்குப் பொருந்தாமல் மெம்பர் என்றே எழுதிவிடுகிறார். ‘உறுப்பினர்’ என்று இன்று நாம் தடையின்றிச் சொல்வது, அன்று அவ்வளவு பெரிய மொழி ஆளுமைக்கும் வசப்படாமல் நின்ற சொல்.

சொற்களைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சூரத்தில் நிகழ்ந்த பிளவு, மேலோட்டமாகப் பார்த்தால், சபை நடைமுறை பற்றிய வழக்கு. தலைவர் தேர்தலை ஒத்திவைக்கக் கோரும் பிரேரணையைத் தேர்தலுக்கு முன் கொண்டுவரலாமா? ஆமோதித்த பின் ஒருவருக்குப் பேச உரிமை உண்டா? தலைவர் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டாரா? இவ்வினாக்களைப் புரிந்துகொள்ளாத வாசகருக்குச் சூரத் வெறும் நாற்காலிச் சண்டை. புரிந்துகொள்ளும் வாசகரை இருபது ஆண்டுக்காலம் தமிழ் இதழ்கள் ஆயத்தப்படுத்தியிருந்தன.

சூரத்தின் இரண்டு நாட்கள்

1904ஆம் ஆண்டு இறுதியில் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதிக்கு ஆங்கிலத் தந்திகளையும் செய்திகளையும் தமிழாக்குவது அன்றாட வேலை. அவ்வேலை கசப்பானது, ஆயினும் அரசியல் தமிழ் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. 1905இல் காசியில் கூடிய காங்கிரசுக்கும் 1906இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசுக்கும் அவர் சென்றுவந்தார். இடையே, 1906ஆம் ஆண்டு மே மாதம், ‘இந்தியா’ வார இதழ் சென்னையில் தொடங்கியது. முகப்பில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கம். உள்ளே தமிழ் இதழுக்குப் புதிதான அரசியல் கருத்துப்படங்கள். எழுத்தறியாதவரும் படத்தைக் காணலாம். படத்தின் பொருளை எழுத்தறிந்தவரிடம் கேட்கலாம்.

கல்கத்தாவில் தாதாபாய் நௌரோஜியின் தலைமையில் சுயராஜ்யம், சுதேசியம், பகிஷ்காரம், தேசியக் கல்வி ஆகிய நான்கு தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றை நீர்த்துப்போகச் செய்ய மிதவாதிகள் முயல்வதாகத் திலகர் தரப்பினர் அஞ்சினர். 1907 மாநாடு நாகபுரியில் கூடுவதாக இருந்தது. அங்குத் திலகருக்குச் செல்வாக்கு மிகுதி. மேத்தாவின் பிடியிலிருந்த சூரத்துக்கு அது மாற்றப்பட்டதும் ஐயம் உறுதியாயிற்று. பாரதி, வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலியோர் சென்னை மாகாணத்திலிருந்து புறப்பட்டனர். இராய்ச்சூர் வழியாகப் பம்பாய், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தின் புகைவண்டியில் சூரத்.

டிசம்பர் 26ஆம் நாள் ராஷ் பிஹாரி கோஷின் பெயரைத் தலைமைக்கு அம்பாலால் தேசாய் பிரேரேபித்தார். சுரேந்திரநாத் பானர்ஜி ஆமோதிக்க எழுந்தபோது கூச்சல் அவரைப் பேசவிடவில்லை. வங்கத்தையே பேச்சால் ஆட்டிவைத்தவர் அவர். அன்றைய கூட்டம் கலைந்தது. மறுநாள் தேர்தல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு, கோஷ் தம் உரையைத் தொடங்கியபோது திலகர் மேடையேறினார். தலைவர் தேர்தலை ஒத்திவைத்துச் சமரசக் குழு ஒன்று அமைக்க வேண்டுமெனப் பேசப்போவதாக அவர் முன்னரே வரவேற்புக் குழுத் தலைவர் மால்விக்குச் சீட்டு அனுப்பியிருந்தார். அதற்கு விடை வரவில்லை. தமக்குப் பேச உரிமை உண்டு என்று அவர் கைகட்டி நின்றார். இல்லை என்று மால்வியும் கோஷும் கூறினர். பிறகு செருப்பு, பிறகு நாற்காலிகள், தடிகள், காவலர்.

எறிந்தவர் யார், யாரைக் குறித்து எறிந்தார் என்பது இன்றும் தீராத வழக்கு. அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. நம்மை ஈர்ப்பது வேறொரு சிறு செய்தி. கோஷின் தலைமையுரை சூரத்தில் பேசப்படவே இல்லை. ஆனால் முன்கூட்டிக் கொடுக்கப்பட்ட பிரதியைக் கொண்டு கல்கத்தா நாளிதழ்கள் அதனை அச்சிட்டுவிட்டன. அதில் புதிய கட்சியாரைத் தாக்கும் பகுதி இருப்பதாகக் கல்கத்தாவிலிருந்து தந்தி சூரத்துக்கே வந்து சேர்ந்தது. கோபம் மேலும் மூண்டது. பேசாத பேச்சு பேசியதாக அச்சாகி, அந்த அச்சே அது பேசப்படாமல் போவதற்கும் ஒரு காரணமாயிற்று. செய்தி நிகழ்ச்சியைப் பின்தொடர்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தந்தி வந்த காலத்திலேயே அம்முறை தலைகீழாகிவிட்டது.

கலவரத்துக்குப் பின் இரு தரப்பாரும் தனித்தனி அறிக்கை வெளியிட்டனர். ஒன்றில் கோஷ், மால்வி, வாச்சா, கோகலே கையொப்பமிட்டனர். மற்றொன்றில் திலகர், கபர்தே, அரவிந்த கோஷ் முதலியோர். இரண்டும் ஆங்கிலத்தில். ஒரே மேடையைக் கண்டவர்கள் ஒரே நிகழ்ச்சியை இரண்டாக எழுதினர். இவ்விரண்டில் எது தமிழுக்கு வந்தது என்பதே இனி நம் வினா.

‘எங்கள்’ என்னும் சொல்

1908இல் பாரதி ஒரு சிறுநூல் வெளியிட்டார்: ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’. அதன் தலைப்பிலுள்ள மூன்று சொற்களும் கூர்ந்து நோக்கத்தக்கவை.

தமிழில் தன்மைப் பன்மை இருவகை. கேட்போரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவரை நீக்கி நிற்பது ‘நாங்கள்’. இவ்வுரை முழுவதும் ‘நாம்’ என்றே பேசி வருகிறோம். அவையோரும் அதில் அடக்கம். பாரதி ‘நமது’ என்று எழுதவில்லை. ‘எங்கள்’ என்று எழுதினார். போனவர்கள் நாங்கள், நீங்கள் வரவில்லை, ஆகவே கேளுங்கள் என்பது அதன் குறிப்பு. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை ஒரு சொல்லால் காட்ட இயலாது. அதே வேளையில் அது கட்சிச் சொல்லாகவும் நிற்கிறது: புதிய கட்சியாராகிய எங்கள் பயணம். கண்டவன் என்னும் உரிமையும் சார்ந்தவன் என்னும் ஒப்புதலும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. தம் சார்பை மறைக்காத செய்தியாளரை, மறைத்து எழுதும் செய்தியாளரைவிட நாம் நம்பலாம் என்பது நம் கருத்து.

‘யாத்திரை’ என்பது அடுத்த சொல். மாநாட்டுக்குச் செல்பவர் பயணம் செய்கிறார். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் செல்பவரே யாத்திரை செய்கிறார். தமிழ் வீடுகளில் யாத்திரை சென்று வந்தவர் திண்ணையில் அமர்ந்து வழிநெடுகக் கண்டதைச் சொல்வதும், ஊரார் சூழ்ந்து கேட்பதும் வழக்கம். பாரதி அரசியல் செய்தியை அத்திண்ணையில் கொண்டுபோய் வைத்தார். நாளிதழ்த் தந்தி தந்த செய்தியோ இரண்டே நாளில் பழையதாகிவிட்டது. வார இதழும் சிறுநூலும் தந்தியோடு விரைவில் போட்டியிட முடியாது. ஆகவே அவை கதையாகச் சொல்லின.

மேத்தாவும் நந்தன் மெட்டும்

உரைநடையோடு இது நிற்கவில்லை. ‘மேத்தா திலகருக்குச் சொல்வது’ என்னும் பாரதி பாடலை நாம் அறிவோம். பம்பாய்ப் பாரசீகராகிய மேத்தா, புனாப் பிராமணராகிய திலகரைக் கண்டிப்பதாக அமைந்தது. சென்னை வாசகருக்கு இருவரும் தொலைதூரத்தவர். ஆனால் மெட்டு தொலைவானது அன்று: கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சிதம்பரம் போக ஏங்கும் நந்தனை நோக்கி ‘இது நம் குலத்துக்குத் தகுமா’ என்னும் பொருள்படக் கண்டிக்கும் பாட்டின் மெட்டு அது.

காலட்சேபம் கேட்டுப் பழகிய எவருக்கும் மெட்டின் முதல் அடியிலேயே முழு அரசியலும் விளங்கிவிடும். திலகர் நந்தன். சுயராஜ்யம் சிதம்பரம். அங்கே போக நமக்குத் தகுதி இல்லை என்று தன் இனத்தானையே தடுப்பவர் மேத்தா. தடுப்பவரின் வாயிலேயே பாட்டை வைத்ததால் நையாண்டி தானே பிறக்கிறது. நந்தன் கடைசியில் சிதம்பரம் போய்ச் சேர்ந்தான் என்பது கேட்போருக்கு முன்பே தெரியும். ஒத்திவைப்புப் பிரேரணை பற்றிய வழக்கை விளக்கப் பத்துப் பத்தி எழுதினாலும் இவ்வளவு விளங்காது. இதனைச் செய்தி எனலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஒரு தேசிய மாநாட்டின் உட்பூசலை உள்ளூர் மனத்துக்குள் கொண்டுசென்ற ஊடகம் என்று கொண்டால், இதைவிட நுட்பமான செய்தி அக்காலத் தமிழில் வேறொன்றை நாம் அறியோம்.

தமிழ் எழுதாத கட்சி

எதிர்த்தரப்பு என்ன செய்தது? மிதவாதிகளைப் பாரதி ‘நிதானக் கட்சியார்’ என்றார். பொறுமை, தாமதம், கோழைத்தனம் மூன்றையும் ஒருங்கே தொனிக்கச் செய்தது அவர் கையில் அச்சொல். அவர்களுக்குச் சென்னையில் ஆளுமை மிக்க தலைவர் இருந்தனர். முதன்மையானவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1907இல் பாரதியின் பாடல்களைக் கேட்டு உருகி, அவற்றுள் மூன்றைத் தம் செலவில் 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகப் பரப்பியவர் அவரே. கட்சி வேறு, சுவை வேறு என்னும் பெருந்தன்மை அது. ஆனால் தம் கட்சியின் வாதத்தை அவ்வாறு தமிழில் அச்சிட்டுப் பரப்ப அவரோ அவர் நண்பர்களோ முனையவில்லை. ஜி. ஏ. நடேசனின் ‘இந்தியன் ரெவ்யூ’ போன்ற தரமான ஏடுகள் இருந்தன. அவை ஆங்கிலத்தில் இருந்தன. ‘சுதேசமித்திர’னை நடத்திய சுப்பிரமணிய ஐயரோ இக்காலத்தில் புதிய கட்சியின் பக்கம் நெருங்கிவிட்டிருந்தார்.

நிதானக் கட்சியாரின் வாதத்தில் பொருளே இல்லை என்று கொள்வது நேர்மையன்று. வலிமை மிக்க அரசை வெளிப்படையாக எதிர்த்தால் அது நசுக்கிவிடும். கையிலிருக்கும் சிறு வழிகளும் அடைபடும் என்று அவர்கள் அஞ்சினர். 1908இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 12ஆம் நாள் சிதம்பரம் பிள்ளை கைதானார்; மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. ஜூலை மாதம் அவருக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை. அதே மாதம் திலகருக்கு ஆறாண்டுச் சிறை. சுதேசிக் கப்பல் நிறுவனம் நொறுங்கியது. அவர்கள் அஞ்சியது அஞ்சியவாறே நடந்தது. ஆனால் அவ்வச்சத்தை எவரும் தமிழில் எழுதி வைக்கவில்லை. எழுதாததனால் தமிழ் நினைவில் அவர்கள் வாதம் இல்லாத மனிதராக, நந்தனைத் தடுத்த கூட்டத்தாராக மட்டுமே நின்றுவிட்டனர். சூரத்துப் பந்தல் அவர்கள் கையில் தங்கியது. தமிழ் தங்கவில்லை.

இப்படிக் கூறும்போது ஓர் இழப்பையும் குறிக்க வேண்டும். திலகர் தரப்பின் சூரத்தைத் தமிழ் வாசகர் கண்முன் கண்டார். கோகலேயின் சூரத்தைக் காணவில்லை. இரு பக்கமும் கேட்டு முடிவுசெய்யும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. அதற்குப் பாரதியைக் குறைகூறுவது பொருந்தாது. மற்றவர் எழுதாமல் விட்டதற்கு எழுதியவர் பொறுப்பாவது எங்ஙனம்?

புதுவையிலிருந்து வந்த இதழ்

‘இந்தியா’வை மிகுந்த கவனத்தோடு படித்த வாசகர் யார் என்று கேட்டால், அரசு மொழிபெயர்ப்பாளர் என்று கூறுவது மிகையாகாது. சென்னை மாகாணத்து மொழி இதழ்கள் அனைத்தையும் படித்து, அரசியல் தொடர்பான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி அதிகாரிகளுக்குத் தொடர்ந்து அறிக்கை அளிப்பது அவ்வலுவலகத்தின் பணி. தமிழாக்கியே பழகிய ஒருவரின் எழுத்து மறுபடியும் ஆங்கிலமாகித் தலைமைச் செயலகம் சென்றது. இன்று தமிழ் மூலம் கிடைக்காத இதழ்ப் பகுதிகள் சில, அந்த ஆங்கிலச் சுருக்கங்களிலேயே உயிர்தப்பி நிற்கின்றன. ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றோர் பல்லாண்டு தேடித் தொகுத்திராவிடில் மூலத்தில் பெரும்பகுதியும் அவ்வாறே போயிருக்கும்.

அறிக்கைகள் பயன் தந்தன. 1908 ஆகஸ்டில் ‘இந்தியா’வின் சட்டப்படியான ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன் கைது செய்யப்பட்டு ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். எழுதியவர் பாரதி, சிறை சென்றவர் பெயர் கொடுத்தவர். நம் இதழியல் வரலாற்றில் அம்மனிதருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அதே மாதம் குற்றாலத்தில் ஓய்விலிருந்த சுப்பிரமணிய ஐயரும் கைதானார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அக்டோபர் முதல் ‘இந்தியா’ அங்கிருந்து வெளிவரலாயிற்று. அரசு அதன் வரவைத் தடுத்தபின் 1910 மார்ச்சில் நின்றது.

இவ்வாறு இதழும் ஆசிரியரும் எல்லைக்கு அப்பால் இருந்த வேளையில், 1908ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மீண்டும் சென்னைக்கு வந்தது. மிதவாதிகள் வகுத்த புதிய விதிகளின்படி கூடியது. திலகர் மாண்டலேயில், சிதம்பரம் பிள்ளை சிறையில். தலைமை வகித்தவர் அதே ராஷ் பிஹாரி கோஷ். சூரத்தில் தொடங்கவும் முடியாத தலைமைப் பொறுப்பை அவர் இங்கு இடையூறின்றி நிறைவேற்றினார். காங்கிரசின் வரிசைப் பட்டியலில் 23ஆம் மாநாடு என்னும் எண், குழப்பத்தில் முடிந்த சூரத்துக்குத் தரப்படாமல் இச்சென்னை மாநாட்டுக்கே தரப்பட்டது. அடுத்த ஆண்டு லாகூர் 24 ஆயிற்று. கணக்கேட்டில் சூரத் இல்லை. ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’யில் இருக்கிறது.